சமயநல்லூர்ப் பெருந்திரை வள்ளலுக்கு வாழ்த்து மடல்

வைகை வளநாட்டுக்கு வாய்த்த மணிவிளக்கே! திண்டுக்கல் சாலையில் போவோரும் வருவோரும் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுப் போகத் தக்க சமயநல்லூரின் தனிப்பெரும் சொத்தே! பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியைக் குடியேற்றிய கோமானே! காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் மதுரைச் சுவர்களில் ஒட்டுகிற பட்டப்பெயர்கள் அத்தனையையும் திரட்டினாலும் தங்கள் தோளுக்கு ஒரு துண்டாகக்கூடப் பற்றாது. ஆயினும் வாழ்த்தாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும் என்று அஞ்சி இம்மடலை வரைகிறேன்.

முதலில் தங்கள் தேர்வுத் திறம். அற்பர்கள் டிவி வாங்கக் கிளம்பும் முன் வீட்டில் இஞ்ச் டேப்பைத் தேடுவார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளப்பார்கள். வீட்டில் நாள் முழுக்க ஓடுவது கேபிளா, டிஷ்ஷா, நெட்டா என்று கணக்குப் பார்ப்பார்கள். தையல்காரருக்குச் சட்டை அளவு கொடுக்கும் அத்தகைய சில்லறைப் புத்தி தங்களை அண்டியதே இல்லை. மதுரை ஷோரூமுக்குள் வலது காலை வைத்தீர்கள். நூறு திரைகளில் நூறு பஞ்சவர்ணக் கிளிகள் ஒரே நேரத்தில் சிறகடித்தன. அறுத்த மாதுளையிலிருந்து முத்துகள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. அந்தக் கணமே தங்கள் திருவுள்ளம் முடிவு செய்துவிட்டது. ஒரு கேபிள் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. ஓடுகிற கிரிக்கெட் பந்தைக் காட்டச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கிளியும் மாதுளையும் எந்தச் சேனலிலும் வரவில்லை என்பது வேறு விஷயம். அதற்காகத் தாங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?

அங்கே தங்களுக்குப் பணிவிடை செய்த விற்பனைத் தம்பியும் சாமானியர் அல்லர். "சார், பிளாக்கைப் பாருங்க சார், கன்னங்கரேல்னு இருக்கும்" என்று அவர் காட்டியபோது கடையில் விளக்குகள் பட்டப்பகலாய் எரிந்துகொண்டிருந்தன. அந்த ஒளியில் கறுப்பைக் கண்டுகொண்ட கண்கள் தங்களுடையவை. "எவ்வளவு தூரத்துல உக்காந்து பாப்பீங்க?" என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது மரியாதைக் குறைவு. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று மட்டும் கேட்டார். அளக்க வேண்டியதைச் சரியாக அளந்தார்.

நாற்பத்து மூன்று அங்குலம் போதும் என்று தங்கள் துணைவியார் சொன்னதாகக் கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. குறைந்த பத்து விழுக்காட்டைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைப்பது கஞ்சர் குணம். தாங்கள் அதையும் அங்குலமாக்கி, பற்றாததற்கு வட்டியில்லாத் தவணையில் இருபத்துநான்கு மாதம் சேர்த்து, திருமகளைத் திரையாகவே வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள்.

அந்த ஊர்வலத்தை நான் கண்ணாரக் கண்டேன். ஆரப்பாளையம் கடந்து, விளாங்குடி கடந்து, பரவை கடந்து, குட்டியானையின் மேல் அட்டைப்பெட்டி நிமிர்ந்து நின்று வந்த காட்சி பாண்டியர் பட்டத்து யானைக்கும் கிட்டாதது. வாசலில் ஆரத்தி. பூசணிக்காய். பிறகு சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. பழைய டிவிக்குச் சட்டம் அகலமாக இருந்ததால் பொட்டு சட்டத்தில் நின்றது. இதற்கோ விளிம்பே கிடையாது; பொட்டு படத்தின் மேலேயே விழுந்தது. ஈரத்துணியால் துடைத்ததில் பொட்டு போகாமல் பரவி, இன்று செய்தி வாசிக்கும் அம்மணிகள் எல்லோருக்கும் இடப்பக்கக் காதோரம் மங்கலமாகத் துலங்குகிறது. எந்தச் சேனல் ஆனாலும் பாரபட்சமில்லாத மங்கலம்!

இனி, மாட்டிய உயரம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். திரையின் நடுப்பகுதி ஏறக்குறைய அதற்கு நேராக அமைய வேண்டும் என்பது கழுத்துள்ளவர்களுக்கான விதி. தாங்கள் ஷோகேஸுக்கு மேலே, சாமி படங்களுக்கும் மேலே, உத்தரத்தை உரசும்படி மாட்டச் செய்தீர்கள். "ஏப்பா, இம்புட்டு ஒசரத்துல மாட்டிருக்கியே, கும்புடணுமா, பாக்கணுமா?" என்று வீட்டு அப்பத்தா கேட்டது அறியாமையால். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்தக் கன்னங்கரேல் கறுப்பு சாம்பலாய் வெளுத்துவிடுகிறது என்பதை அவர் எப்படி அறிவார்? பலகை ரகத்தைப் பொறுத்து, நேர்க்கோட்டிலிருந்து விலக விலகக் கறுப்பும் நிறமும் வெளிறுவது எல்.சி.டி. திரைகளின் இயல்பு. எல்.ஈ.டி. டிவி என்று விற்கப்படுவதும் பின்விளக்கு மட்டும் மாறிய எல்.சி.டி.தான். ஆக, கடையில் நேருக்கு நேர் நின்று பார்த்த அழகைக் கடைக்கே விட்டுவிட்டு, வீட்டுக்கென்று வேறோர் அழகைத் தாங்கள் படைத்திருக்கிறீர்கள். அப்பத்தா இப்போது இரவில் பிடரியில் தைலம் தேய்த்துக்கொள்கிறார். பக்தி அப்படித்தான் உடம்பில் இறங்கும்.

தூரத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் தங்கள் மேதைமை உச்சம் தொடுகிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனம் ஆட்களை உட்காரவைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் கண் நிறையவும் வேண்டும், புள்ளி தெரியவும் கூடாது. அதற்கேற்பப் படத்தை நுணுக்க வேண்டும் என்று எச்.டி.க்கு அடித்தளம் போட்டது. பழைய சாதாரண ஒளிபரப்புக்கு ஆறு மடங்கு தூரம் என்பது அதற்கும் முந்திய கணக்கு. 4கே படத்துக்கு ஒன்றரை மடங்கே போதும். தங்கள் திரையின் உயரம் 81 சென்டிமீட்டர். அதாவது 4கே படம் என்றால் நாலடி வரைகூட நெருங்கலாம், எச்.டி. என்றால் எட்டடி; சாதாரண கேபிள் சேனல் என்றால் பதினாறு அடி. தங்கள் சோபாவிலிருந்து திரைக்கு எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. எச்.டி. சேனல் போட்டால் அச்சில் வார்த்தது போலப் பொருந்தியிருக்கும். அந்த எச்.டி. பேக்கைக் கேபிள்காரர் சொன்னபோது, "மாசாமாசம் அது வேற தண்டம்" என்று கையை விரித்த சிக்கனச் செம்மலே! பெரும் தொகையைச் சுவரில் மாட்டிவிட்டு, சிறு தொகையைப் பையில் காத்த தங்கள் நிதி நிர்வாகத்தை அரசாங்கமே கடன் கேட்க வேண்டும்.

ஆக, தாங்கள் கட்டும் கேபிள் பணத்துக்குரிய தெளிவைப் பெற வேண்டுமானால் கூடத்துச் சுவரைத் தாண்டி, வாசற்படி இறங்கி, தெருச் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட வேண்டும். கதவு திறந்திருக்கும் மாலைகளில் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சீரியல் துல்லியமாகத் தெரிகிறது. தன் காசில் ஊராருக்குக் காட்சி தந்து, தானும் தன் மக்களும் மங்கலைப் பருகும் வள்ளல் கடையெழுவரில் எவரேனும் உண்டா?

மங்கல் என்றா சொன்னேன்? மன்னிக்க வேண்டும், அது கவித்துவம். கேபிளில் வரும் சாதாரணப் படத்தில் 4,14,720 புள்ளிகள். தங்கள் திரையில் 82,94,400. சரியாக இருபது மடங்கு. வந்து சேரும் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் பத்தொன்பது புள்ளிகளைத் தொலைக்காட்சி தன் ஊகத்தில் இட்டு நிரப்புகிறது. கதாநாயகியின் மூக்குத்தி எது, மரு எது, கொசு எது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே மெழுகில் தோய்த்தெடுக்கும் அந்த ஆசுகவித் திறத்துக்கு அல்லவா தாங்கள் தவணை கட்டுகிறீர்கள்!

2006-இல் கலைஞர் அரசு தொடங்கிய திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இலவசமாக வந்தது. தங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் படம் ஒரு சாண் உயரம்கூடக் கிடையாது. ஆறு மடங்கு என்று பார்த்தால் நாலேகால் அடி. அதே கூடத்தில், அதே கேபிளில், எங்கே உட்கார்ந்தாலும் முகம் முகமாகத் தெரிந்தது. ஸ்டூல் மேல் இருந்ததால் கழுத்தும் வலிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட அவமானச் சின்னத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டதில் தங்கள் குலப்பெருமை காக்கப்பட்டது.

கலைக்குத் தாங்கள் செய்துள்ள தொண்டோ தனிப் புராணம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. அதற்கு முந்திய படங்கள் எல்லாம் சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தங்கள் திரையில் அவை ஓடினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழ வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியில் ஓர் அங்குலம் வெறுமனே கிடக்கத் தங்கள் நெஞ்சு பொறுக்குமா? ரிமோட்டை எடுத்து ஒரே அமுக்கு. சிவாஜி மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடினார். பத்மினியின் நடனம் பருத்த நடனமாயிற்று. நாகேஷுக்கே சதை பிடித்தது. வாழ்நாளெல்லாம் ஒல்லியாகவே இருந்த மனிதருக்கு அப்படியொரு போஷாக்கை வேறு யார் கொடுத்தார்கள்? சினிமாஸ்கோப் படம் வந்தால் மேலும் கீழும் பட்டை, அதற்கு ஜூம். நாலில் ஒரு பங்கு படம் இரு பக்கமும் சுவருக்குள் போய் மறைகிறது. ஓரத்தில் நின்று வசனம் பேசுபவரின் மூக்கு மட்டும் வந்து போகிறது. ஒளிப்பதிவாளர் வைத்த சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்பதில் அந்த ஒளிப்பதிவாளரைத் தவிர யாருக்கும் ஐயமில்லை.

நொடிக்கு 24 சட்டங்களில் எடுத்த படத்துக்கு நடுவில் இல்லாத சட்டங்களைச் செருகி, சினிமாவைச் சீரியல் போல வழுக்கி ஓடச் செய்யும் வசதியையும் தாங்கள் அணைத்ததில்லை. 2018 டிசம்பரில் டாம் குரூஸே கேமரா முன் நின்று, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். விமானத்தில் தொங்கத் துணிந்த மனிதரின் வேண்டுகோளை மறுக்கத் துணிந்தவர் சமயநல்லூரில் தாங்கள் ஒருவரே.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் ஒலிப்பதால் வசனங்களை முதலில் கேட்பது ஷோகேஸ் பொம்மைகள்.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் மடலை முடித்தால் அழகர் கோபிப்பார். ஒரு காலத்தில் அவர் வைகையில் இறங்கியது தங்கள் பக்கத்து ஊரான தேனூரில்தான். திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்குப் போனது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் விடாமல் சொல்கிறார்கள். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்த ஆண்டின் விளைச்சலை ஊர் கணிக்கும்; பச்சை என்றால் செழிப்பு. தங்கள் அப்பத்தா அந்தப் பச்சையைப் பார்க்கக் கட்டுச்சோற்றோடு வண்டி கட்டிப் போனவர். இப்போது விடியற்காலையில் தங்கள் திரையின் கீழ் அண்ணாந்து உட்கார்கிறார். கடையில் வைத்த 'விவிட்' அமைப்பைத் தாங்கள் இன்றுவரை மாற்றவில்லை. ஆகவே பட்டு, பட்டாணியையும் கிளியையும் தாண்டி, டிராஃபிக் சிக்னலையும் தாண்டி, கண் கூசும் ஒரு பச்சையில் எரிகிறது. அழகரின் முகம் மாம்பழ மஞ்சளில் கரைகிறது. வைகைத் தண்ணீர், அணையிலிருந்து திறந்துவிட்ட அந்தக் கலங்கல் தண்ணீர், மாலத்தீவுக் கடல் போல நீலமாய்ப் புரள்கிறது. நாட்டுக்கே நல்ல விளைச்சல் என்பதை ரிமோட்டின் ஒரு பொத்தானில் அடக்கிவைத்திருக்கும் தங்களை இனி வேளாண் துறை கலந்தாலோசிக்க வேண்டும். மாரியம்மனுக்கு மழைக்கஞ்சி எதற்கு?

பிள்ளைகள் இருவரும் திரைக்கு மூன்றடியில் தரையில் படுத்துக்கொண்டு வளர்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாதபடி சோபாக்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிட்டன. விருந்தினரைத் தொந்தரவு செய்யாத இத்தகைய உபசாரம் உலகில் வேறெங்கும் காண முடியாது.

இத்தனைக்குப் பிறகும் தங்கள் திருமுகத்தில் ஒரு வாட்டம் இருப்பதைக் கவனித்தேன். பரவையில் தங்கள் சகலை எழுபத்தைந்து அங்குலம் வாங்கிவிட்டாராம். கவலை வேண்டாம். எண்பத்தைந்து அங்குலத்தின் அகலம் ஆறேகால் அடிக்குள்தான். தங்கள் சுவரில் இடிப்பது அந்தக் கிழக்குச் சன்னல் ஒன்றுதான்; அதை அடைத்துவிட்டால் இடம் தாராளம். கொத்தனார் நேற்று வந்து அளந்துவிட்டுப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். தங்கள் வீட்டுக்குள் இஞ்ச் டேப் நுழைந்த முதல் நாள் அதுதானாம்.