மைக் ரெடி, கேட்க ஆள் ரெடியா?

பேத்தி எப்போதும் ‘பாட்காஸ்ட்’ கேட்கிறாள். நாங்கள் கேட்ட வானொலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

வானொலிக்காக நாம் காத்திருந்தோம். பாட்காஸ்ட் நமக்காகக் காத்திருக்கும். பாதியில் நிறுத்திவிட்டு, குக்கர் விசில் அடங்கியதும் தொடரலாம். இன்னொன்று, வானொலியில் நேரம் முடிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பெயர் சூட்டியவர் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி, 2004-ல், ‘கார்டியன்’ நாளிதழில். மறு ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் இடம் கொடுத்ததும் கூட்டம் சேர்ந்தது. அதே 2005 ஏப்ரலில்தான் யூடியூபின் முதல் வீடியோவும் ஏறியது. சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றின் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார் யூடியூபை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம். மொத்தம் 19 விநாடி. இன்று அதைச் சொல்ல ஒன்றரை மணி நேரமும் இரண்டு சோபாவும் வேண்டியிருக்கிறது.

காதால் கேட்கும் பாட்காஸ்ட்டுக்கு எதற்குக் கேமரா?
– வாசகர், திண்டுக்கல்

ஒலி மட்டும் என்றால் கேட்பவர்தான் தேடி வர வேண்டும். யூடியூபோ கேட்காமலே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். கூகுளே தன் ‘கூகுள் பாட்காஸ்ட்ஸ்’ செயலியை 2024-ல் மூடி, எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பிவிட்டது. மாதம் 100 கோடிப் பேர் தன்னிடம் பாட்காஸ்ட் பார்ப்பதாக 2025-ல் யூடியூப் அறிவித்தது. கவனியுங்கள், ‘பார்ப்பதாக’!

இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒலிக்கு ஒரு செல்போனும், ஃபேனை நிறுத்திய அறையும் போதும். வீடியோ என்றதும் விளக்கு, மேக்கப், இஸ்திரி போட்ட சட்டை, எடிட்டருக்குச் சம்பளம். முகம் காட்டாமல் மனம்விட்டுப் பேசக்கூடியவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பையன் வேலையை விட்டுவிட்டு சேனல் தொடங்கப் போகிறானாம். காசு வருமா?
– கவலையுள்ள அப்பா, ஈரோடு

நீள வீடியோ போடுகிறவருக்கு விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். 12 மாதத்தில் 4,000 மணி நேரம் அவர் வீடியோக்களைப் பிறர் பார்த்திருக்கவும் வேண்டும். அதன்பின் வரும் பணத்தில் 55 சதவீதம் அவருக்கு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ஆனால் அதில் சமைக்கும் தாத்தா, கேமரா வருவதற்கு முன்பே விருந்துகளுக்குச் சமைத்தவர். பையனிடம் ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேளுங்கள். ‘நல்லாப் பேசுவேன்’ என்றால், லீவு மட்டும் போடச் சொல்லுங்கள்.

வீடியோவின் முகப்புப் படத்தில் ‘கதறி அழுத நடிகர்’. உள்ளே அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறாரே?
– வாசகி, கும்பகோணம்

எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பார்த்த சேனல்காரர் அழுதிருப்பார், ஆனந்தக் கண்ணீர்.

நானும் ஒரு பாட்காஸ்ட் தொடங்கலாமா?
– இளைஞர், தாம்பரம்

தாராளமாக. ஒரே வேண்டுகோள்: ‘லைக், ஷேர், சப்ஸ்கிரைப், பெல் பட்டன்’ எல்லாவற்றையும் கடைசியில் வையுங்கள். அது முடிவதற்குள் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடுகிறது.