கோடி ரூபாய் காரை நிறுத்துவது எப்படி?

ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நிறுத்தச் சொல்லித்தரத்தான் யாரும் முன்வருவதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் படிக்கவும். முன்னதாகப் படித்தால் மனம் மாறக்கூடும். ஷோரூம்காரரின் பாவம் எனக்கு வேண்டாம்.

முதல் பாடம், நிறம். பிரேக்கின் தரத்தை அறிய வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்க்கும், டிஸ்க்கைக் கவ்வும் காலிபர் என்ன நிறம் என்று பார்த்தாலே போதும். போர்ஷேயில் சிவப்பு என்றால் நல்ல இரும்பு டிஸ்க். வெள்ளை என்றால் இரும்பின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. மஞ்சள் என்றால் கார்பன் செராமிக். 911-இல் இதற்கு மட்டும் ஆயிரக்கணக்கில் டாலர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எடை இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதிதான். துருப் பிடிக்காது, சாதாரண சாலையில் பல்லாண்டு உழைக்கும். ரேஸ் டிராக்கில் ஓயாமல் மிதித்தால் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். புது டிஸ்க்கின் விலையைக் கேட்ட பிறகு, டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்களில் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு இரும்பு டிஸ்க்கை மாட்டிக்கொள்கிறார்கள். ஆக, ரேஸுக்கென்று பிறந்த டிஸ்க் ரேஸுக்குப் போகாதவர் காரில்தான் சுகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போவதற்குத்தான் கார் என்றால் தாராளமாக மஞ்சளை வாங்குங்கள். கையைக் கடித்தால், சூடு தாங்கும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவில் கிடைக்கிறது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது சத்தம். காலையில் வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கீச்சொலி வரும். சர்வீஸ் சென்டருக்கு ஓடினால், டை கட்டிய இளைஞர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நார்மல்தான் சார், பெர்ஃபார்மன்ஸ் பேடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்பார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொல்வதில் உண்மை உண்டு. அதிகச் சூட்டில் வேலை செய்யவென்று செய்த பேட், ஆறிக் கிடக்கும்போது முனகத்தான் செய்யும். இதை வீட்டில் விளக்குவதுதான் கஷ்டம். பின்னால் குறுகி உட்கார்ந்திருக்கும் மாமனார், "ஏன் மாப்ளே, இவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டாம். எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.

நிறமும் சத்தமும் தேறிவிட்டால் நீங்கள் அரை நிபுணர். மீதி அரைக்கு, எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். டிஸ்க்கை நம்பலாம், காலிபரை நம்பலாம். நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் இரும்பு பழுக்கப் பழுக்கச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். சந்தேகப்பட வேண்டியது மூடியை.

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத்தான் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் ஃபெராரி அமெரிக்காவில் மட்டும் 23,555 கார்களை ரீகால் என்று திரும்ப அழைத்தது. 2005-ஆம் ஆண்டு மாடல் தொடங்கி அந்த வருஷத்து மாடல் வரை அதில் இருந்தன: 430, கலிஃபோர்னியா, 458, 488 என்று, பையன்கள் சுவரில் ஒட்டிவைக்கும் படங்கள் முக்கால்வாசியும். அதற்குச் சில மாதம் முன்னால் சீனாவில் 2,222 கார்கள். குற்றவாளி அந்த மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது, காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவோமே, அதே சங்கதி. ஆயில் மட்டம் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடி காற்றைச் சரியாக விடாவிட்டால் டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகும், ஆயில் கசியலாம், பிரேக் பாதியோ முழுசோ போகலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் போகிற வண்டியின் தலையெழுத்து ஒரு பிளாஸ்டிக் மூடியின் மூச்சில் இருந்திருக்கிறது.

தீர்வு என்ன தெரியுமா? வேறு மூடி. கூடவே, ஆயில் குறைந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும்படி ஒரு மென்பொருள் மாற்றம். பிரேக் ஆயில் போய்க்கொண்டிருக்கும்போது எதைக்கொண்டு நிறுத்துவது என்று குதர்க்கமாகக் கேட்காதீர்கள். கையேடு படிக்கிறவர்கள் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

மூடி சரியாக இருந்தால் குழாயைப் பாருங்கள். 2024-இல் போர்ஷே தன் மின்சார டேகான் கார்களை முன்சக்கர பிரேக் ஹோஸில் விரிசல் விடலாம் என்று அழைத்தது. அமெரிக்காவில் மட்டுமே 31 ஆயிரத்துக்கும் மேல். குழாயும் சரி என்றால் பெடலைப் பாருங்கள். 2020 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட் அவசரமாக மிதிக்கும்போது ஒடியக்கூடும் என்று சுமார் 38,000 கார்கள் திரும்பப் போயின. அவசரமாக மிதிக்கும்போது மட்டும்தான். நிதானமாக, யோசித்து, தேவையே இல்லாத நேரத்தில் மிதித்தால் ஒன்றும் ஆகாது. இதற்கேற்ப உங்கள் விபத்துகளைத் திட்டமிட்டுக்கொள்ளவும்.

நம் வண்டியில் கம்பியும் குழாயும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் என்று பெருமைப்படுகிறவர்கள் 2024 செப்டம்பரை நினைத்துக்கொள்ளலாம். கான்டினென்டல் நிறுவனம் செய்துகொடுத்த மின்னணு பிரேக் அமைப்பில் கோளாறு என்று பி.எம்.டபிள்யூ சுமார் 15 லட்சம் கார்களைப் பற்றி அறிவித்தது. அன்றைக்கே அதன் பங்கு விலை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பிரேக் இல்லாமல் இறங்குவது எப்படி என்று கம்பெனியே செய்து காட்டிய மாதிரி ஆயிற்று.

கம்ப்யூட்டரால் நல்லதும் நடக்கும். 2018-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை டெஸ்லா மாடல் 3-ஐ மணிக்கு 60 மைலில் இருந்து நிறுத்திப் பார்த்தபோது 152 அடி ஓடித்தான் நின்றது. ஃபோர்டின் பெரிய பிக்கப் லாரிகூட அதைவிடக் கிட்டத்தில் நின்றுவிடும். திட்டு விழுந்ததும் கம்பெனி காற்றிலேயே ஒரு மென்பொருளை அனுப்பியது. அதே கார் 133 அடியில் நின்றது. மெக்கானிக் கை படவில்லை, ஒரு போல்ட் கழலவில்லை. இது ஸ்போர்ட்ஸ் காரா என்று சண்டைக்கு வர வேண்டாம். வீட்டில் வைஃபை இருக்கிறதா என்பதும் இனிமேல் பிரேக் சோதனையில் சேர்த்தி என்று சொல்ல வந்தேன்.

நிறுத்த முடிகிற காருக்கும் வேறு குறை வரும். 2014-இல் ஆஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களை அழைத்ததற்குக் காரணம் ஆக்ஸிலரேட்டர் பெடலின் கை. சீனாவில் கீழ்க் கான்ட்ராக்டர் ஒருவர் போலிப் பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டார். இந்தக் காரில் திரியும் ஜேம்ஸ் பாண்டைக் கவிழ்க்க வில்லன்கள் இத்தனை படத்தில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை. அதே வருஷம் போர்ஷே 911 ஜிடி3-இல் கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து, எஞ்சின் உடைந்து, இரண்டு கார்கள் எரிந்தன. இருந்த 785 கார்களுக்கும் எஞ்சினையே புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். 2010-இல் ஃபெராரி 458-இல் சக்கரக் குழிக்குள் வெப்பத் தகட்டை ஒட்டியிருந்த பசை சூட்டில் தீப்பிடித்தது. 1,248 கார்களில் பசையை எடுத்துவிட்டு ஆணி அடித்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெக்லாரன் கதை. பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் சத்தமும் அதிர்வும் வராமலிருக்க ஒரு ஸ்பாஞ்சு வைத்தார்கள். ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்தது, டேங்க் அரித்தது, பெட்ரோல் கசியலாம் என்று 2020-இல் 2,763 கார்களை அழைத்தார்கள். கர்ஜிக்கும் சத்தத்துக்காகவே லட்சக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்குகிற காரில் சத்தத்தை அடக்கப் போய் வந்த வினை. புகாட்டியோ ஒருமுறை சிரோன் கார் ஒன்றை, ஒரே ஒரு காரை, ஒரே ஒரு திருகு தளர்ந்திருக்கலாம் என்று அழைத்தது. அந்த உரிமையாளர் கொடுத்துவைத்தவர். உலகிலேயே தனக்கு மட்டும் உள்ள குறையை வாங்க எல்லோராலும் முடியாது.

இப்படிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கம்பெனிகளை வெறுக்க வேண்டாம். அழைக்கிறவன் யோக்கியன். கமுக்கமாக இருந்து, வாரண்டி முடிந்த மறுநாள் "நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை" என்கிறவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். எனக்குள்ள வருத்தம் வேறு. டிஸ்க்குக்கு டங்ஸ்டனும் கார்பனும் தேடி ஓடுகிற அதே தொழிற்சாலையில் மூடிக்கும் பசைக்கும் பிராக்கெட்டுக்கும் அந்தக் கவனம் கிடைப்பதில்லை. விளம்பரப் படத்தில் தெரியாத பாகம் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் இளப்பம்.

உரிமையாளரும் அதே ஜாதிதான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. அத்தனையும் சூடாகி ஆயிலுக்கும் போகிறது. சிரோன் 2017-இல் பூஜ்யத்தில் இருந்து 400 கிலோமீட்டர் வேகத்தை எட்டித் திரும்ப நின்றதற்கு 41.96 விநாடி என்று கணக்கு. அதில் பிரேக் பிடித்து நிற்க ஓடிய தூரம் 491 மீட்டர். இதை மனப்பாடமாகச் சொல்கிறவரிடம், உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வானத்தைப் பார்ப்பார். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு விதிப்படியே 155 டிகிரி தாங்கினால் போதும். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் பஞ்சாகித் தரை வரை போகும். அத்தனை விலை கொடுத்த டிஸ்க் ஒரு கீறலும் இல்லாமல் மஞ்சளாக மின்னிக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் போகும்.

ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். காரின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கம்பெனியின் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும், அவர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பார். ரீகால் வேலைக்கு உங்களிடம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இலவசம்.