வரவேற்பறையில் ஓர் எஞ்சின்

போன்டியாக் நகருக்கு அருகில்,
மிச்சிகன், அமெரிக்கா.

மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும், தங்கள் பேத்தியும், மாப்பிள்ளையும் க்ஷேமம். க்ஷேமமில்லாதது மாப்பிள்ளை வாங்கியிருக்கும் வண்டி ஒன்றுதான். அதைப் பற்றியே இக்கடிதத்தில் விஸ்தாரமாக எழுத உத்தேசம். ஏனெனில், கரூரில் பஸ்களுக்கு நடுவே ஆயுளைக் கழித்த தங்களைக் காட்டிலும் இதைப் படித்து அனுதாபப்படத் தகுதியுடையவர் நம் குடும்பத்தில் வேறொருவரும் இல்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த நம் பெரியோர், வீட்டுக்குச் சக்கரம் பூட்டி ஓட்டிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், அப்படியும் ஒருவன் செய்யத் துணிவான் என்று அவர்களுக்குத் தோன்றாததுதான் போலும். ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் என்பது இதன் பெயர். 1973 முதல் 1978 வரை, நாங்கள் காய்கறி வாங்கப் போகும் இதே போன்டியாக்கில் ஏறக்குறைய 13,000 வண்டிகள் மாத்திரம் செய்துவிட்டு, அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். எங்களுடையது 1976ஆம் வருஷத்தது; நீளம் 26 அடி; முன்னால் இரண்டும் பின்னால் நாலுமாக ஆறு சக்கரங்கள்; உள்ளே கட்டில், அடுப்பு, ஸ்நான அறை சகலமும் உண்டு. 1981-ல் வெளிவந்த ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்னும் ஹாஸ்யப் படத்தில் இதே வண்டிக்கு யுத்த வேஷம் போட்டுத் துப்பாக்கி பொருத்தினார்களாம். மாப்பிள்ளைக்கு இதன்மேல் பிரேமை பிறந்தது அங்கேதான்.

எஞ்சினைப் பற்றிச் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஓல்ட்ஸ்மொபில் டொரோனாடோ என்ற காருக்காகச் செய்த 455 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சின், அதாவது ஏழரை லிட்டர். நம் ஒன்றரை லிட்டர் அம்பாஸடர் எஞ்சின்கள் ஐந்தின் கொள்ளளவு இது ஒன்றுக்கே. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்று வீட்டில் பாயசம். இவ்வளவு பெரிய எஞ்சினை வைத்த இடமோ, ஓட்டுபவரின் ஆசனத்துக்கும் பக்கத்து ஆசனத்துக்கும் நடுவே, ஜமக்காளத்துக்கு அடியில்! ஜமக்காளத்தைச் சுருட்டி, தரையிலுள்ள மூடியைத் திறந்தால் கார்பரேட்டர் தரிசனம் தரும். ஆகையால் எஞ்சினுக்கு வியாதி வந்தால் ஒர்க்ஷாப்பும் வரவேற்பறையும் ஒன்றாகிவிடுகின்றன.

வியாதி சென்ற மாசிக் குளிரில் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பல்லி சொல்வதுபோல் ‘டிக், டிக்’ என்று ஒரு சப்தம். பத்து நிமிஷம் ஓடிச் சூடேறியபின் தானாகவே அடங்கிவிடும். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக்கொள்ளும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விழுந்திருக்கும், சூட்டில் இரும்பு விரிவதால் விரிசல் மூடிக்கொள்கிறது, ஆறினால் மறுபடி வாய் திறக்கிறது என்று மாப்பிள்ளை வியாக்கியானம் செய்தார். அடங்கிவிடும் சப்தத்துக்காக எதற்குச் செலவு என்று தாங்கள் கேட்கலாம். வண்டியானால் கேட்கலாம், மாமா, இது வீடு. ஒழுகும் புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய ஸ்தானத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டால், தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். இதற்கென்று கட்டிலருகே ஒரு மணியும், புகைக்கென்று அடுப்பருகே இன்னொரு மணியும் மாட்டியிருக்கிறோம். பின்னது தங்கள் பேத்தி கடுகு தாளிக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டுகிறது. முன்னது இதுவரை வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நம்புவதா வேண்டாமா என்பதே எங்கள் இல்லத்து வேதாந்த விசாரமாக இருந்தது.

பட்டணத்து ஒர்க்ஷாப் ஒன்றில், எங்கள் லிஃப்ட் இந்த நீளத்தைத் தாங்காது என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கிருந்த இளம் மெக்கானிக் கார்பரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து, மியூசியத்துக்கு வந்தவன்போல் போட்டோ எடுத்துக்கொண்டான். இந்தத் தேசத்தில் பழைய வண்டி வைத்திருப்பவன் தானே அதன் அடியில் படுக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம். படுத்தவர் மாப்பிள்ளை, டார்ச் பிடித்தவன் நான்.

முதலில் பரிசோதனை. வீடு பெருக்கும் வாக்குவம் யந்திரத்தின் குழாயைக் காற்று ஊதும் பக்கமாக மாற்றி, சைலன்ஸர் வாலில் செருகி ஓடவிட்டு, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். ஒழுகும் இடத்தில் நுரை குமிழியிட வேண்டும் என்பது சாஸ்திரம். குமிழியிட்டது, விரிசலில் மட்டுமல்ல, கீழே குழாய்கள் கூடும் சந்தியிலும், சைலன்ஸரின் அடிவயிற்றிலும். காரணம் உப்பு. டிட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,200 அடி ஆழத்தில், பிரம்மாண்டமான உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலம் வந்தால் உறைபனி உருகுவதற்காகச் சாலையெங்கும் உப்பை வாரி இறைக்கிறார்கள். வண்டியின் மேனி அலுமினியமும் ஃபைபர்கிளாஸுமாதலால் ஐம்பது வருஷமாகியும் மணமகன்போல் மினுமினுக்கிறது. அடியிலுள்ள இரும்பு உறுப்புகளை மட்டும் உப்பு அரித்துத் தின்றுவிட்டது.

பிறகு போல்ட்டுகள். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு இரா முழுவதும் ஊறவைத்தோம். கேஸ் டார்ச்சின் ஜ்வாலையால் சிவக்கக் காய்ச்சி, ஆறும் தறுவாயில் மெழுகுவர்த்தியைத் தொட்டுக்காட்டினோம். உருகிய மெழுகு மரையின் வழியே தானாக உள்ளே ஏறிக்கொள்ள, ஏறக்குறைய எல்லாம் முனகிக்கொண்டே கழன்று வந்தன. பின்கோடியிலிருந்த ஒன்று மட்டும், ஸ்பேனரை வைத்த மாத்திரத்தில் தலையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு உடலோடு உள்ளே தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர், முறிந்த முனையின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் திருகி எடுத்தார். தங்கள் பட்டறை மேஸ்திரி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இதைச் செய்திருப்பார் என்று நான் தமிழில் சொன்னேன். பாராட்டு என்று நினைத்து அவர் கைகுலுக்கினார்.

வார்ப்பிரும்பை ஒட்டினால் நிலைக்காது என்று, இதே பைத்தியம் பிடித்த வேறொரு பக்தரிடமிருந்து விரிசலற்ற பழைய மேனிஃபோல்டு ஒன்றை வாங்கி, முகம் சமன் செய்து பூட்டினோம். குழாயும் சைலன்ஸரும் புதிது. நேற்று மாலை ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் இல்லை. ஆனால் மாமா, அந்தச் சப்தம் ஓய்ந்ததும் அதன் மறைவில் இத்தனை நாள் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்கிறது. எஞ்சினின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது, இரண்டு அங்குல அகலச் சங்கிலி ஒன்று. அது ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் செய்வதாக மாப்பிள்ளை அபிப்பிராயப்படுகிறார். எஞ்சினை இறக்காமல் அதைப் பார்க்க வழியுண்டா என்று இரவெல்லாம் கையேட்டைப் புரட்டினார். காலையில் தங்கள் பேத்தி அந்தக் கையேட்டை எங்கோ ஒளித்துவிட்டாள். எங்கே என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்ன கேட்டாலும் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமான்