எழுத்து தெரிகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு 72 வயது. பல வருடமாகக் கண்ணாடி போட்டுத்தான் வேதாகமம் வாசிப்பேன். இப்போது கண்ணாடி இல்லாமலே எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சாட்சி சொல்லலாமா?
– வாசகர், பாலக்கோடு

சொல்லுங்கள், கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. அதற்கு முன் சாலையோரம் நின்று, எதிரே வரும் டவுன் பஸ்ஸின் ஊர்ப் பலகையைப் படித்துப் பாருங்கள். பக்கத்து எழுத்து தெளிந்து, பலகை மங்கலாகிவிட்டது என்றால் பெரும்பாலும் அது கண்புரையின் ஆரம்பம். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கிட்டப்பார்வையை உண்டாக்கும். அதனால் வெள்ளெழுத்து போய்விட்டதுபோல இருக்கும். புரை கூடக்கூட இந்தச் சலுகையும் போய்விடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் பார்வை இப்படி மாறுவது உண்டு, அதையும் சோதித்துவிடுங்கள். புரையை எடுத்து, ஊர்ப் பலகையும் தெரிந்த பிறகு சாட்சி சொல்லுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்ல நான் வருகிறேன்.

புரை நன்றாக முற்றட்டும், வெயில் காலம் போகட்டும் என்கிறார் என் நாத்தனார். காத்திருக்கலாமா?
– வாசகி, அரூர்

முற்ற வேண்டியது மாங்காய். கண்ணை ஏன் காக்க வைக்கிறீர்கள்? லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய காலத்து யோசனை அது. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். 1992-இல் மதுரை அரவிந்த் குழுமத்தின் ஆரோலேப் அதைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய பிறகு, ஏழையின் கண்ணுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. இப்போது சிறு துளை வழியாகவே வேலை முடிகிறது. முற்றவிட்டால் புரை கல்லாக இறுகி அறுவை கடினமாகும். சிலருக்கு அது உப்பிக் கண்ணில் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலி வரும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் செய்கிறதா? அதுதான் நேரம். சித்திரையானாலும் சரி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாத்தனாரையும் துணைக்கு அழைத்துப் போங்கள், அவர் கண்ணையும் பார்த்துவிடலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் லூர்து தீர்த்தத்தைக் கண்ணில் விடலாமா?
– வாசகி, பி. பள்ளிப்பட்டி

வேண்டவே வேண்டாம். ஆறாத காயத்தில் எந்தத் தண்ணீர் பட்டாலும் கிருமி உள்ளே போகலாம், பார்வையே போய்விடலாம். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து மட்டும், சொன்ன நேரத்துக்கு. நோயில்பூசுதல் கொடுக்கும் குருவானவரே எண்ணெயை நெற்றியிலும் உள்ளங்கையிலும்தான் பூசுகிறார், கண்ணில் அல்ல.

லூர்து நகரில் முதலில் குணமடைந்தவர்களில் ஒருவர் லூயி பூரியெத், நம் பக்கத்துக் குவாரி ஆட்களைப் போலக் கல் வேலை செய்தவர். வெடி விபத்தில் மங்கிய வலது கண், 1858-இல் ஊற்று நீரால் கழுவியபின் தெளிந்தது என்றார். அதைப் புதுமை என்று 1862-இல் ஆயர் ஏற்றார். அவர் கண்ணில் புதிய தையலோ வெட்டோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே லூர்தில், குணமானேன் என்று வருபவரை 1883 முதல் மருத்துவர்கள் உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள். சோதனைக்குத் திருச்சபையே அஞ்சவில்லை, நாம் ஏன் அஞ்ச வேண்டும்? பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள்; 1993 முதல் அது உலக நோயாளர் தினமும்கூட. அன்று ஆலய வளாகத்தில் ஒரு கண் முகாம் நடந்தால் அன்னைக்கு அதைவிட நல்ல மாலை எது?

ஐம்பது வருடமாகப் பூசைக்குப் போகிறேன். இந்த வயதில் விசுவாசம் மங்கலாக இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கம்.
– வாசகர், கோவிலூர்

மாற்கு 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பெத்சாயிதாவில் ஒரு பார்வையற்றவரைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போய்த் தொடுகிறார் இயேசு. பிறகு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இவ்வளவு பெரியவர் தொட்டிருக்கிறாரே, தெரியவில்லை என்றால் நன்றாக இருக்குமா என்று, நன்றாகத் தெரிகிறது சாமி என்று கும்பிட்டுவிட்டு, வழியெல்லாம் தடுக்கி விழுந்துகொண்டு வீடு திரும்பியிருப்போம். அந்த மனிதர் உள்ளதைச் சொன்னார்: ஆட்கள் நடப்பது தெரிகிறது, ஆனால் மரங்கள்போல இருக்கிறார்கள் என்று. இயேசு முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் கை வைத்தார். இரண்டு தடவையாகக் கிடைத்த குணம் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான்.

அதே அதிகாரத்தில் அடுத்து வருபவர் பேதுரு. நீரே மெசியா என்று சரியாகச் சொல்கிறார். சிலுவையைப் பற்றிக் கேட்டதும் ஆண்டவரையே தனியே அழைத்துக் கண்டிக்கப் போய், கடுமையாகத் திட்டு வாங்குகிறார். பாதிப் பார்வையோடுதான் அவரும் பின்னால் நடந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவருக்கு எந்த மருத்துவராலும் சரியான கண்ணாடி கொடுக்க முடியாது. ஐம்பது வருடம் விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்துவிட்டு, இப்போதுதான் ஒவ்வொரு வரியையும் உங்கள் கண்ணால் படிக்கப் பார்க்கிறீர்கள். மங்கலாகத் தெரிகிறது என்று ஜெபத்திலேயே சொல்லுங்கள். பங்கு குருவிடமும் சொல்லுங்கள்.

கண் தெரியவில்லை. மகன் ஏதோ பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சொல்கிறான்.
– வாசகர், பென்னாகரம்

ஈசாக்கு கண் மங்கிய வயதில், ஏமாற்ற வந்த மகனின் குரலைக் கேட்டுச் சந்தேகப்பட்டார், கையைத் தடவிப் பார்த்து ஏமாந்தார். முதலில் கண் ஆபரேஷன். பிறகு பத்திரத்தைப் படியுங்கள், பிறகு கைநாட்டு.

எங்கள் உபதேசியார் வாசிக்கும்போது வரி தவறிவிடுகிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பவுலே கலாத்தியருக்கு எழுதும்போது, என் கையால் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். ஆகவே பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். புரையில் போன பார்வை திரும்பும், இதில் போனது திரும்பாது. நானும் கண் காட்டப் போகிறேன், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று கூப்பிடுங்கள். வந்துவிடுவார். நாற்பது தாண்டியிருந்தால் நீங்களும் உண்மையிலேயே காட்டிக்கொள்ளுங்கள்.