ஜிம்னி வந்தது, பக்தர்களைக் காணோம்

2025 ஜனவரி 30-ஆம் தேதி சுசூகி நிறுவனம் ஜப்பானில் ஒரு சின்ன வண்டியை அறிமுகம் செய்தது. பெயர் ஜிம்னி நோமேட். ஐந்து கதவு, நான்கு இருக்கை. மேட்டில் ஏறும், சேற்றில் இறங்கும். மாதம் 1,200 வண்டி விற்றால் போதும் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருந்தது. நான்கே நாளில் 50,000 பேர் பதிவு செய்துவிட்டார்கள். கம்பெனி மிரண்டுபோய் பதிவையே நிறுத்திவைத்தது. சொன்ன வேகத்தில் செய்து கொடுத்தால் வரிசையின் கடைசி ஆள் கைக்குச் சாவி வர ஏறத்தாழ மூன்றரை வருஷம் ஆகும் என்பது எல்.கே.ஜி. வகுத்தல் இல்லை என்றாலும், ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான்.

அந்த வண்டி தயாராவது ஜப்பானில் அல்ல. ஹரியானாவின் குருகிராமில், மாருதி தொழிற்சாலையில். அங்கிருந்து கப்பலேறி ஜப்பான் போகிறது. அதே வண்டி அதே வாரத்தில் இந்திய ஷோரூம்களிலும் நின்றுகொண்டிருந்தது. இங்கே வரிசையும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. எட்டிப் பார்த்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, தள்ளுபடியையும் சொல்லி, ‘எந்தக் கலர் சார்?’ என்று கேட்கிற நிலை.

இத்தனைக்கும் ‘ஜிம்னியைக் கொண்டு வா’ என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஜப்பான்காரர்கள் இல்லை. நம்மவர்கள்தான்.

கதை 1985-இல் தொடங்குகிறது. மாருதி அந்த வருஷம் ஜிப்ஸியை இறக்கியது. ஒரு லிட்டருக்கும் குறைவான பெட்ரோல் இன்ஜின், துணிக்கூரை, பின்னால் எதிரும் புதிருமாகப் பலகை இருக்கை. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக ஆஜர் சொல்லும். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், எடை குறைவு, எந்தச் சகதியிலிருந்தும் முண்டி எழுந்துவிடும். ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது, ராலி ஓட்டுகிறவர்கள் வாங்கினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உருவத்தில் பெரிய மாற்றமே இல்லாமல் ஓடி, 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. ராணுவத்துக்கு மட்டும் பிறகும் செய்து கொடுத்தார்கள்.

ஒரு வண்டி விற்பனையில் இருக்கும்போது அதன் குறைகள் தெரியும். நின்ற மறுநாள் அது காவியமாகிவிடும். ஜிப்ஸிக்கும் அதுதான் நடந்தது. ஏசி இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை என்று முகம் சுளித்தவர்களே, ‘இனி அந்த மாதிரி வண்டி வருமா?’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்பே, 2018-இல், நான்காம் தலைமுறை ஜிம்னி ஜப்பானில் வெளியாகியிருந்தது. சதுர முகம், வட்ட விளக்கு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. ஜிப்ஸியின் பேரன் என்று பார்த்தவுடன் தெரிந்தது. 2020 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா வாகனக் கண்காட்சியில் மூன்று கதவு ஜிம்னியைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். விற்பதற்கு அல்ல, சும்மா காட்டுவதற்கு. கூட்டம் அப்பியது. 2021-இல் அதே மூன்று கதவு வண்டியைக் குருகிராமிலேயே தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது பக்தர்கள் கொதித்துப்போனார்கள். நம் தோப்பு மாம்பழம் லாரி ஏறி அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவன் வயிற்றெரிச்சல் அது.

மாருதி கடைசியில் மனமிரங்கியது. 2023 ஜனவரி 12, கிரேட்டர் நொய்டா. திரை விலகியது. உலகத்திலேயே முதன்முதலாக ஐந்து கதவு ஜிம்னி. இந்தியாவுக்காகவே நீட்டிய வண்டி.

ஒரு நிமிஷம் ஆனந்தக் கண்ணீர். இரண்டாவது நிமிஷம் முதல் குறை.

‘ஐந்து கதவா? ஜிம்னி என்றால் மூன்று கதவுதானே!’ என்றது ஒரு கோஷ்டி. மூன்று கதவாக வந்திருந்தால் ‘பின் சீட்டில் அம்மாவை எப்படி ஏற்றுவது?’ என்று கேட்டிருக்கக்கூடிய அதே கோஷ்டிதான். ‘டீசல் எங்கே?’ என்றார் இன்னொருவர். மாருதி டீசலுக்கே முழுக்குப் போட்டு அப்போது ஏறத்தாழ மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த இழவுச் செய்தி அவருக்கு எட்டவில்லை போலும். ‘டர்போ இல்லையே?’ ‘நாலு பேர்தான் உட்காரலாமா?’ ‘டிக்கியில் 208 லிட்டர்தானா, கல்யாணத்துக்குப் போனால் சீர்த்தட்டை எங்கே வைப்பது?’ காட்டுக்குப் போகிற வண்டி வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கல்யாணத்துக்குப் போகிற கவலை வந்தது.

இவ்வளவு கேள்வி கேட்டவர்கள் கேட்க மறந்தவை சில உண்டு. ஏணிச் சட்டம், அதாவது லேடர் ஃபிரேம், இருந்தது. முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் இருந்தது. லோ ரேஞ்ச் கியர் அடிப்படை மாடலிலேயே இருந்தது. பாதை தெரியாத பாதையில் போக எது தேவையோ அதெல்லாம் குறைவில்லாமல் இருந்தது. ஷோரூமில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, ‘சன்ரூஃப் உண்டா?’

அடுத்து விலை. 2023 ஜூன் 7-ஆம் தேதி, 12.74 லட்சத்தில் தொடக்கம் என்று அறிவித்தார்கள். எட்டு, ஒன்பது லட்சத்தில் வந்துவிடும் என்று பக்தர்கள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்து, தங்களுக்குள்ளேயே அதை நம்பியும் இருந்தார்கள். இங்கே சட்டமும் ஜிம்னியை ஒரு கை பார்த்தது. நம் நாட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட காருக்கு வரிச்சலுகை உண்டு. ஜிம்னியின் நீளம் 3,985 மில்லிமீட்டர், மயிரிழையில் பாஸ். ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. ஜிம்னிக்கு 1,462 சிசி. உடம்பைக் குறுக்கியது வீண்.

வேடிக்கை என்னவென்றால், மஹிந்திராவின் மூன்று கதவு ‘தார்’ வண்டியின் நீளமும் மிகச் சரியாக 3,985 மில்லிமீட்டர்தான். ஜிம்னி விற்பனைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே, 2023 ஜனவரியில், மஹிந்திரா ஒரு காரியம் செய்தது. 1,500 சிசி டீசல் இன்ஜினைப் பொருத்தி, வரிச்சலுகைக்குள் நுழைந்து, 9.99 லட்சத்துக்கு ஒரு தாரை இறக்கியது. எப்படி அந்த விலை? முன் சக்கரங்களுக்குப் போகும் விசையைக் கழற்றிவிட்டார்கள். பின் சக்கரம் மட்டும் தள்ளும். கரடுமுரடுக்கென்றே பிறந்த வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது.

பக்தர் உலகத்தில் இழவு விழுந்தது. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத தார் தாரே அல்ல என்று தீர்மானம் போடாத குறை. சரி, மக்கள் என்ன செய்தார்கள்? க்யூவில் நின்றார்கள். முரட்டு முகம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, தெருமுனையில் திரும்பும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். முன் சக்கரம் சுழல்கிறதா இல்லையா என்பதை எதிர் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தா கண்டுபிடிக்கப்போகிறார்?

ஆண்டாண்டாகப் படித்த விளம்பரப் பாடம் மஹிந்திராவுக்கு உண்டு. 1940-களிலேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே கோக்கத் தொடங்கிய கம்பெனி அது. 2020 ஆகஸ்ட் 15-இல் புதிய தாரைக் காட்டினார்கள், அக்டோபர் 2-இல் விற்பனைக்கு விட்டார்கள். சுதந்திர தினம், காந்தி ஜயந்தி இரண்டையும் விட்டுவைக்கவில்லை. முதல் வண்டியை ஏலம் விட்டதில் 1.11 கோடி ரூபாய்க்குப் போனது; பணம் கொரோனா நிவாரணத்துக்கு. அடுத்த ஜனவரியில் பிரிஸ்பேன் கிரிக்கெட் டெஸ்டில் இந்தியா ஆஸ்திரேலியாவை மண்கவ்வ வைத்ததும், அந்தத் தொடரில் தலைகாட்டிய ஆறு இளம் வீரர்களுக்குத் தார் பரிசு என்று கம்பெனித் தலைவர் ஆனந்த் மஹிந்திரா அறிவித்தார். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் அதில் ஒருவர், வாஷிங்டன் சுந்தர் இன்னொருவர். நடராஜன் பதிலுக்குத் தன் பிரிஸ்பேன் பனியனில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். அன்று முதல் யார் எதில் ஜெயித்தாலும் ‘தார் கொடுங்கள் சார்’ என்று ஆனந்த் மஹிந்திராவுக்கு மனுப் போடுவது தேசிய வழக்கமாகிவிட்டது. 2023-இல் பிரக்ஞானந்தா உலகக் கோப்பைச் சதுரங்க இறுதி ஆட்டம் வரை போனபோதும் மனுக்கள் குவிந்தன. மனுஷர் வேறு வழி யோசித்து, பையனின் பெற்றோருக்கு மின்சாரக் கார் ஒன்றைக் கொடுத்தார். அதே வருஷக் கடைசியில், தார் 700 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று நம்பி அப்பாவிடம் பேரம் பேசிய ஒரு பொடியனின் காணொளி நாடெங்கும் சுற்றியது. அந்த விலைக்கு விற்றால் கம்பெனி திவால்தான் என்று ஆனந்த் மஹிந்திராவே பதில் சொன்னார். இந்த விளம்பரத்துக்கு ஆன செலவு பூஜ்யம்.

ஜிம்னி பக்கம் இப்படி யாரும் அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. ஆரம்ப மாதங்களில் ஓரளவு போன விற்பனை வருஷ முடிவுக்குள் சில நூறுகளுக்கு இறங்கியது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ‘தண்டர் எடிஷன்’ என்று பெயர் சூட்டித் தொடக்க விலையை 10.74 லட்சமாக்கினார்கள். சுளையாக இரண்டு லட்சம் குறைப்பு. அதுவரை வாங்காதவர் ‘இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்’ என்று காத்திருந்தார். பாவம், ஜூன் மாதமே முந்திக்கொண்டு வாங்கிய நிஜ பக்தர்! சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்ட குற்றத்துக்கு இரண்டு லட்சம் அபராதம் கட்டியவர் நாட்டிலேயே அவர் ஒருவர்தான் இருப்பார்.

இதற்கு மாருதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆஃப்ரோடு ஆர்வலருக்குத் தேவை வண்டி அல்ல, வண்டி இருக்கிறது என்ற நிம்மதி. அது சந்தையில் இருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் பேச வேண்டும். அதன் முன்பக்க ஏறுகோணம் 36 டிகிரி, நடு வயிற்றுக் கோணம் 24 டிகிரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர் ஹேட்ச்பேக்கில் ஏறி ஆபீஸ் போவார்.

2024 ஆகஸ்டில் ஐந்து கதவுத் தார் ராக்ஸ் வந்தபோது ஆர்வலர்கள் மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை குறை கண்டுபிடிக்கச் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. இருக்கைகள் வெள்ளை! சேறும் சகதியுமாகத் திரும்பி வருவதற்கென்று ஒரு வண்டி. அதற்குள்ளே ஜவுளிக்கடை முதலாளியின் வேட்டி நிறத்தில் மெத்தை. ஒரு தடவை காட்டுக்குப் போய் வந்தால் சீட்டைப் பார்த்தே எந்த மாவட்டத்து மண் என்று சொல்லிவிடலாம். விமர்சனம் எகிறியதும் கம்பெனி காதுகொடுத்தது: ஃபோர் வீல் டிரைவ் மாடல்களுக்கு மட்டும் பழுப்பு நிற இருக்கையும் உண்டு என்று அறிவித்தார்கள். ஆக, வெள்ளை இருக்கை ரோட்டோடு நிற்பவர்களுக்கு, பழுப்பு இருக்கை ரோட்டை விட்டு இறங்குபவர்களுக்கு. யார் எந்த ஜாதி என்று கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஃபோர் வீல் டிரைவும் டீசலில் மட்டும்தான், விலையும் 18.79 லட்சத்தில் தொடக்கம் என்றதும் பெட்ரோல் பக்தர்கள் தனியாக ஒரு ஒப்பாரி வைத்தார்கள். அக்டோபர் 3-ஆம் தேதி பதிவு திறந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கார்கள் வரிசைகட்டி ஏறி நின்றன. 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கிப் போகும் என்று விற்கப்படுகிற வண்டி தார். அந்த வரிசையில் தார் எத்தனை நின்றது என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால் விளம்பரக்காரர்களுக்கு உபயோகமாக இருந்திருக்காது. சொந்தக்காரரைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியைத் தண்ணீரில் இறக்க யாருக்கு மனசு வரும்?

இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேனி மாவட்ட எல்லையில் கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள், கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து வாடகை ஜீப்பில்தான் போயாக வேண்டும். பாதை என்று மரியாதைக்குச் சொல்லலாம். உண்மையில் அது பாறைகள் சாய்ந்து கிடக்கும் ஒரு வாய்க்கால். விடிவதற்கு முன்பே பழைய மஹிந்திரா ஜீப்புகள் உறுமிக்கொண்டு ஏறும். ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் கியர், வாயில் ஊர்க்கதை. ஏறுகோணம் எத்தனை டிகிரி என்று கேட்டால் ‘கம்பியைப் பிடிச்சுக்குங்க சார்’ என்பதுதான் பதிலாக வரும். புது மாடல் வெளியீட்டு விழாக்களில் இவர்களை எந்தக் கம்பெனியும் மேடையேற்றியதாகத் தெரியவில்லை. ஏற்றினால் சன்ரூஃபைப் பார்த்து என்ன கேட்பார்களோ என்ற பயமாக இருக்கலாம்.

ஜிம்னியை நிறுத்திவிடுவார்கள் என்று அவ்வப்போது புரளி கிளம்பும்போதெல்லாம் பக்தர்கள் துடித்துப்போகிறார்கள். ‘இப்படியொரு வண்டியை நிறுத்தலாமா? நாட்டுக்கே அவமானம்’ என்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் என்ன நிற்கிறது என்று கேட்பது பண்பல்ல.

இதற்கிடையே 2025 அக்டோபரில் டொயோட்டா, லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே என்று ஒரு குட்டி முரட்டு வண்டியைக் காட்டியது. தயாரிப்பு தாய்லாந்தில், சதுர முகம், ஏணிச் சட்டம், 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ‘இந்தியாவுக்குக் கொண்டு வா’ என்ற கோரிக்கை உடனே எழுந்தது. ‘டீசல் ஏன் இல்லை?’ என்ற கண்டனமும் கூடவே எழுந்தது.