அம்மன் காசைக் காட்டிய திருடன்

ஆபத்தை மோப்பம் பிடிப்பதில் எங்கள் புதுக்கோட்டைக்காரர்கள் சூரர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா கல்லூரியில் படிக்க முத்துலட்சுமி என்றொரு பெண் விண்ணப்பம் போட்டார். அவ்வளவுதான், ஊர் கிடுகிடுத்துவிட்டது. பையன்கள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார்களாம்! ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டார். ராஜா பேச்சைத் தட்ட முடியுமா? முடியாது. திரை கட்டலாம் அல்லவா? கட்டினார்கள். அந்தப் பெண் மூடிய வண்டியில் வந்து இறங்கி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பையன்கள் பாடத்தைவிடத் திரையின் தையலைத்தான் அதிகம் படித்திருப்பார்கள்.

அந்த 'ஆபத்து' 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியது. கூடப் பிறந்தவளைப் புற்றுநோய் கொண்டுபோனதை மறக்காமல், 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையே திறந்தது.

ஊர்க் காவல் லட்சணம் இது. உடம்புக் காவலும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தில் டி செல் என்றொரு காவலாளி தடியோடு ரோந்து போகிறான். வேற்றாளைக் கண்டால் அடி. ஆனால் புற்றுச் செல் வேற்றாள் இல்லையே, கெட்டுப்போன உள்ளூர்க்காரன்! போதாததற்குக் கையில் அம்மன் காசு வேறு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அந்தக் காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்தார்களே, ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருக்கும் பொடிச் செப்புக்காசு, அதுமாதிரி ஒன்று. எடுத்து நீட்டினால் காவலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறான். விஞ்ஞானிகள் இந்தக் காசுக்கு வைத்த பெயர் பி.டி.எல்-1. ரசனையே இல்லாதவர்கள்.

காசைக் கண்டதும் மயங்கும் காவலாளியின் உறுப்பு பி.டி-1. ஜப்பானில் ஹோஞ்சோவின் குழு 1992இல் அதைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் அலிசன் காவலாளியைக் கட்டிப்போடும் இன்னொரு கடிவாளத்தை ஆராய்ந்தார். 2018இல் இருவருக்கும் நோபல். ஹோஞ்சோவின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்து என்ன செய்கிறது தெரியுமா? காசுக்கும் காவலாளிக்கும் நடுவே திரை கட்டுகிறது. நம்ம ஊர் டெக்னிக்! ராயல்டி கேட்க ஆளில்லை.

திரை சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. சில கட்டிகளுக்குள் டி செல்லே எட்டிப் பார்ப்பதில்லை. காவலாளி இல்லாத தெருவில் யாருக்காகத் திரை கட்டுவது? இன்னும் சில, முதலில் பதுங்கிப் பிறகு பாய்பவை. லாஸ் ஏஞ்சலஸில் ரிபாஸ் குழு அப்படித் திரும்பி வந்த மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகள் 4 பேரின் கட்டிகளைக் குடைந்து 2016இல் எழுதியது. இருவரின் கட்டியில் ஜாக் மரபணு பழுது. காவலாளி இன்டர்ஃபெரான் விசிலை என்னதான் ஊதினாலும் திருடனுக்குக் காது செவிடு. இன்னொருவரின் கட்டியில் பி2எம் என்ற மரபணு காலி. அது போனால் செல்லின் வாசலில் பெயர்ப்பலகை நிற்காது. எந்த வீட்டுக்குள் திருடன் என்று காவலாளிக்குத் தெரியாது, தெருத்தெருவாகச் சுற்றுவான்.

நாலாவது ஆளின் கட்டியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். தெளிவாக ஒன்றும் சிக்கவில்லை. அவன் எந்த மூடிய வண்டியில் வந்து இறங்கினானோ!