முதற்பல்லின் மீதான பொய்வழக்குகள்: ஓர் ஆய்வு

வெளியே தலைகாட்டும் முன்பே குற்றம் சாட்டப்படும் உறுப்பு மனித உடலில் ஒன்றுதான். அது குழந்தையின் முதற்பல். ஈறு சற்றே தடித்திருந்தால் போதும். காய்ச்சல், பேதி, சளி, ராத்திரி அழுகை, சோற்றைத் துப்புவது எல்லாம் அதன் கணக்கில் ஏறிவிடும். "பல்லு மொளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டி சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அந்தப் பல் ஏறக்குறைய நிரபராதி. அதற்கு எதிராக வீட்டார் செய்யும் குற்றமே விசாரணைக்கு வராமல் கிடக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

பொய்வழக்கு நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. 1839-இல் இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புக் கணக்கில் 5,016 மரணங்களுக்குப் 'பல் முளைப்பு' காரணமாக எழுதப்பட்டது. காரணம் தெரியாத மரணத்துக்கு, வாய்பேசாத பல்லைவிட வசதியான கைதி எங்கே கிடைப்பான்? சிகிச்சை இன்னும் விசேஷம். பல்லுக்கு வழிவிடுவதாக ஈறைக் கத்தியால் கீறினார்கள். பிறகு கலோமல் என்ற பாதரச உப்புக் கலந்த தூளைக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கைகால் சிவந்து உரிந்தது; வெளிச்சம் கண்டால் கண் கூசியது; சில குழந்தைகள் இறந்தும் போயின. 1950-களில் பிரிட்டனில் அந்தத் தூளிலிருந்து பாதரசம் நீங்கியபின் அந்த நோயும் அரிதாகிவிட்டது. பல் செய்யாத கொலையைப் பல்லுக்கான மருந்து செய்திருக்கிறது.

"பல் வரும்போதெல்லாம் காய்ச்சல் வந்ததே, கண்ணால் பார்த்தோமே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். கணக்குப் பார்ப்போம். பால்பற்கள் 20. பெரும்பாலும் ஆறாம் மாத வாக்கில் தொடங்கி இரண்டரை, மூன்று வயதுக்குள் முளைத்து முடிகின்றன. சராசரியாக மாதத்துக்கு ஒரு பல் என்று வைத்தால், எந்த மாதம் காய்ச்சல் வந்தாலும் பக்கத்தில் ஒரு பல் நின்றுகொண்டிருக்கும். சம்பவ இடத்தில் இருந்தது குற்றமாகுமா? மேலும் அதே பருவத்தில்தான் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. குழந்தையும் தவழக் கற்று, செருப்பு முதல் சாவிக்கொத்து வரை நக்கிப் பார்க்கிறது. ஜொள்ளு, ஈறு வலி, சிணுங்கல், உடம்பில் லேசான சூடு ஆகியவற்றைப் பல் ஒப்புக்கொள்ளும். 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட காய்ச்சலுக்கும் தண்ணீராகப் போகும் பேதிக்கும் வேறு ஆளைத் தேட வேண்டும். பல்தானே என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

இனி உண்மையான குற்றம். முதற்பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்டுகிறோம். பல் விழுந்தபின் அதைக் கூரைமேல் வீசுகிறோம். இந்த இரண்டு மரியாதைகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லை யார் கவனித்தார்? சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுகிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். பால்பல்லின் எனாமலோ நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதி கனம்தான். புட்டியின் கைவரிசைக்குத் தடயமும் உண்டு. மேல் முன்பற்கள் நான்கும் முதலில் சொத்தையாகும். கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிக்கும். சப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், பக்கத்திலேயே உமிழ்நீர் ஊறுவதும் காரணம். அப்போதும் வீட்டார்மேல் வழக்கு வராது. "பூச்சி அரிச்சிடுச்சு" என்று இல்லாத பூச்சியின் மேல் போகும்.

"விழப்போகிற பல்தானே" என்பது கடைசி ஆட்சேபம். முன்பல்லுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் போய்விடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை மெல்ல வேண்டியவை. அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவையே. அவை முன்னதாகவே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும், பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும்.

ஆகவே ஒரே பல் இருந்தாலும் துலக்கத்தான் வேண்டும்: காலையிலும் படுக்கும் முன்பும், மெல்லிய பிரஷ்ஷில், மூன்று வயது வரை அரிசியளவு ஃபுளோரைடு பற்பசையோடு. விளம்பரத்தில் பிரஷ் நிறைய நெளியும் பசை துப்பத் தெரிந்தவர்களுக்கானது. பாலைத் தூக்கத்துக்கு முன்பே குடித்து முடிக்கட்டும். குழந்தை வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைப்பக்கமிருந்து துலக்குவதைத் தவிர இவ்வாய்வில் வழி எதுவும் இல்லை. துலக்குபவரின் விரல் கடிபடலாம். அந்த ஒரு வழக்கில் மட்டும் பல்லுக்காக வாதாட முடியாது.